வழி சொல்வோர் குரல்: தமிழில் எழுதப்பட்ட மலையும் பாலையும்

1

மலைகளினூடும் வறண்ட நிலங்களினூடும் மேற்கொள்ளப்படும் பயணங்களையும், அப்பயணங்களில் எதிர்ப்படும் பழைமைச் சின்னங்களையும் பொருளாகக் கொண்ட எழுத்து அண்மைக் காலத்தில் தமிழிற் பெருகியுள்ளது. வார வெளியீடுகளின் சுற்றுலாப் பக்கங்கள், மலையேறியோரின் அனுபவக் குறிப்புகள், புனித யாத்திரை நூல்கள், குகைகளையும் கல்வெட்டுகளையும் தேடிச் சென்றோரின் கட்டுரைகள் எனப் பல வடிவங்களில் இது வெளிவருகின்றது. நமது திறனாய்வாளர் இவ்வகை எழுத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் பிரயோகிக்கும் அளவுகோல்களை இதற்குப் பிரயோகிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயின் இது நிலத்தைப் பற்றிய எழுத்து. நிலத்தைப் பற்றிய எந்த எழுத்தும், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ, அந்நிலம் யாருடையது என்ற வினாவுக்கு ஒரு விடையைத் தன்னுட் கொண்டிருக்கும். கிழக்கிலங்கையில் அவ்வினா எத்துணைக் கூர்மையானது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்றைய பயண எழுத்தில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். எழுதுபவரே அதன் தலைவர். அவர் ஏறுகிறார், களைக்கிறார், வியக்கிறார், இறுதியில் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு வழி காட்டியவர், சுமை தூக்கியவர், சோறு சமைத்துக் கொடுத்தவர் ஆகியோர் பெயரின்றி ஓரிரு வாக்கியங்களில் மறைந்து போகின்றனர். மலையில் வாழ்வோர் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகின்றனர். இதனை நோக்குமிடத்து, இவ்வகை எழுத்தை மதிப்பிடுவதற்கு எளிய வினா ஒன்றை முன்வைக்கலாம்: ஒரு மலையையோ பாலையையோ எழுதும் நூலில், வழி தெரிந்தவர் எங்கே நிற்கிறார்? இவ்வினாவைத் துணையாகக் கொண்டு தமிழிலும் தமிழர் வரலாற்றோடு தொடர்புடைய பிறமொழி நூல் ஒன்றிலும் மலையும் பாலையும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி நிந்தவூரை நிலைக்களனாகக் கொண்டு செய்யப்படுகிறது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் கொண்ட இவ்வூர் நெய்தலும் மருதமும் அடுத்தடுத்து அமைந்த ஊர். மலையும் பாலையும் இங்கு இல்லை என்று தோன்றலாம். எனினும் வயலுக்கு நீர் மேற்கிலுள்ள மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் பின்னர் இங்கினியாகலையில் தேக்கப்பட்ட நீரே இக்கரையோர வட்டைகள் பலவற்றை விளைவிக்கின்றது. நிந்தவூர், சம்மாந்துறை, ஒலுவில் வயல்களில் நெல் முற்றும் காலத்தில் யானைக் கூட்டமும் மேற்கிலிருந்து வந்திறங்குகின்றது. பரணில் விழித்திருந்து யானை வெடி கொளுத்தும் காவற்காரருக்கு மலையும் காடும் காட்சிப் பொருள்களல்ல. இந்நிலையிலிருந்து பழைய நூல்களைப் படிக்கும்போது, நகரத்து வாசகர் கவனியாத சில செய்திகள் கண்ணிற் படுகின்றன.

2

முதலில் நோக்கற்பாலது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்டுள்ள இந்நூலைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளிற் பாடினார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். இன்றைய தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கமே பழைய செங்கண்மா ஆகும். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததன் பின்னர் இந்நூல் இயற்கை வருணனைக்காகவும் இசைக்கருவிகளின் பட்டியலுக்காகவும் பெரிதும் பாராட்டப்பட்டு வந்துள்ளது. பாடப்புத்தகங்கள் இதனைக் கொடைச்சிறப்புக் கூறும் நூலாகவே மாணவர்க்கு அறிமுகப்படுத்தின. இவ்விரு நோக்குகளும் நூலின் பெரும்பகுதி எதனைப் பற்றியது என்பதைக் கவனியாது விடுகின்றன.

நூலின் பெரும்பகுதி வழியைப் பற்றியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்குப் பாதை சொல்கிறான். பன்றிகளைப் பிடிக்க வைத்த கற்பொறிகள் வழியிலுண்டு, ஆதலின் இருளிற் செல்லாது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்பு மறைந்திருக்கும் குழிகளைப் பற்றி எச்சரிக்கிறான். தினைப்புனம் காப்போர் பரணிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவர், அக்கற்கள் மரங்களை மோதி வரும், மரத்தின் பின்னே ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படிந்து வழுக்கும் பாறைகளில் எதனைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறான். பாதை பிரியுமிடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் வழி தவறாதிருக்கும் பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்றும் அறிவுறுத்துகிறான்.

புல் முடியும் இச்செய்தி சிறியதாயினும் நூலின் இயல்பை விளக்குவது. வழி கேட்டுப் போவோர் தமக்குப் பின் வருவோர்க்கு வழி சொல்வோர் ஆகின்றனர். அறிவு ஒருவரிடம் தங்காது கைமாறிச் செல்கின்றது. வழி சொல்லும் கூத்தனும் செல்வனல்லன். கேட்போரைப் போன்று நேற்றுவரை பசித்திருந்தவன். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை புரவலனின் புகழுக்காக எழுந்தது என்பது உண்மையே. எனினும் அப்புகழைச் சுமந்து செல்லும் வடிவமாக அது தேர்ந்துகொண்டது உழைத்து நடப்போரின் உரையாடலையே என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

மலைவாழ் மக்கள் இந்நூலில் இடம்பெறும் முறையும் கருதத்தக்கது. மலையில் எழும் ஓசைகளைப் புலவர் வரிசைப்படுத்துகிறார். அருவியின் ஒலியும் விலங்குகளின் ஒலியும் மட்டுமே அவ்வரிசையில் உள்ளன என எண்ணுவது தவறு. புலி பாய்ந்து கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டு அங்கே கேட்கிறது. தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் கேட்கிறது. மலையின் ஓசை பெரும்பாலும் வேலையின் ஓசையாகவும் வேதனையின் ஓசையாகவும் இருக்கின்றது. சிற்றூர்களில் உங்களை உறவினராக ஏற்று உணவளிப்பர் என்று கூத்தன் சொல்லும்போது, வழங்குவோர் நன்னனின் அரண்மனையார் அல்லர். தினைச்சோற்றைப் பகிரும் குறவரே. நெற்காவலுக்குப் பரணில் உறங்காதிருக்கும் நிந்தவூர் உழவர் ஒருவருக்கு இப்பகுதிகளைப் படித்துக் காட்டினால் அவருக்கு உரை தேவைப்படாது.

இந்நூலில் வரும் நடுகற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். போரில் இறந்தோரின் பெயர் பொறித்த கற்கள் பாதையோரத்தில் நிற்பதையும், அவ்விடத்தில் யாழை வாசித்துவிட்டு விரைந்து கடக்க வேண்டும் என்பதையும் கூத்தன் கூறுகிறான். பிற்காலத்தைச் சேர்ந்த நடுகற்கள் பல அதே செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறையின் நூலாக வெளிவந்தன. வரலாற்றுச் சின்னம் ஒன்றினை வழிப்போக்கர் எவ்வாறு அணுகவேண்டும் என்பதற்குத் தமிழிலுள்ள மிகப் பழைய அறிவுரைகளுள் இதுவும் ஒன்று எனலாம். அதன் முன் நின்று மரியாதை செய். பின் உன் வழியிற் செல். அக்கல்லை உன்னுடையது என்று சொல்லும்படி கூத்தன் கூறவில்லை.

3

மலையை விடுத்துப் பாலையை நோக்கின் நிலைமை வேறுபடுகின்றது. தமிழ் மரபில் பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவு கொள்ளும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையிற் கூறுகின்றது. பொருள்தேடிப் பிரிவோரின் வழியாகவும், ஆறலைப்போரின் இடமாகவும், பிரிந்தோரின் மனநிலையாகவும் சங்கப் பாடல்களிற் பாலை அமைகின்றது. கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வில், ஐந்திணைப் பாகுபாடு தமிழகத்தின் வெவ்வேறு நிலப்பகுதிகள் பொருளாதார அடிப்படையிற் சமச்சீரின்றி வளர்ச்சியுற்றமையின் பிரதிபலிப்பு என்பதை நிறுவினார். அந்நோக்கிற் பார்த்தால், பாலை பின்தங்கிய நிலத்தாரும் வளர்ந்த நிலத்தாரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் பாதையாகும். ஆயினும் அப்பாடல்களில் நாம் கேட்பது பெரும்பாலும் கடந்து செல்லும் தலைவனின் குரலும் காத்திருக்கும் தலைவியின் குரலுமே. அங்கு வாழும் எயினரின் குரல் அரிதாகவே கேட்கின்றது.

இம்மரபைப் பெற்றுக்கொண்ட உமறுப்புலவர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தாம் கண்டிராத உண்மையான பாலைநிலம் ஒன்றைத் தமிழில் எழுதும் பணியை ஏற்றார். எட்டயபுரத்தில் அவைப்புலவராக விளங்கிய அவர், கீழக்கரைச் சீதக்காதியின் ஆதரவினாலும் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவினாலும் சீறாப்புராணத்தைப் பாடினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அந்நூல் 1842இல் அச்சேறியது. அதனை ஓதி உரை சொல்லும் வழக்கம் முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. எனவே தமிழ் பேசும் முஸ்லிம்களின் மனத்தில் அரபுநாடு பற்றிய முதற் சித்திரத்தை வரைந்தவருள் உமறுப்புலவர் முதன்மையானவர் எனலாம்.

அச்சித்திரம் எத்தகையது? நாட்டுப் படலத்தில் மேகம் மலையிற் பொழிகிறது, வெள்ளம் குறிஞ்சியினின்று இறங்கி நிலங்கள் பலவற்றையும் கடந்து மருதத்திற் பாய்கிறது, உழவு நடைபெறுகிறது, நாற்று நடப்படுகிறது, நெல் அறுக்கப்படுகிறது. அரபுநாடு காவிரி நாடாகிவிடுகின்றது. கம்பர் கோசலத்தை வருணித்த முறை இதற்கு முன்மாதிரி என்பதை ம. மு. உவைஸ் முதலாய ஆய்வாளர் நன்கு விளக்கியுள்ளனர். இதனை அறியாமை என எள்ளி நகையாடுவோரும் உளர். கவிதைச் சுதந்திரம் என விட்டுவிடுவோரும் உளர். இரண்டும் போதா. மருதம் செழிப்பின் குறியீடாகவும் நிலவுடைமைச் சமுதாயத்தின் இலட்சிய நிலமாகவும் காப்பிய மரபில் நிலைபெற்றிருந்தது. புனிதமான நாடு ஒன்றை மதிப்புக்குரியதாக எழுத வேண்டுமாயின் அது மருதமாகவே எழுதப்படல் வேண்டும். வறண்ட நிலம் வறண்ட நிலமாகவே மதிப்புப் பெறுவதற்கு அக்காப்பிய மரபில் இடமிருக்கவில்லை.

இதன் விளைவை விலாதத்துக் காண்டத்திற் காணலாம். சாம் நகருக்கு வணிகக் கூட்டம் செல்லும் செய்தி பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், பாந்தள் வதைப் படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம், கள்வரை நதி மறித்த படலம் என விரிகின்றது. ஒவ்வொரு படலத்திலும் ஓர் இடர் நேர்கிறது. அற்புதத்தால் அது நீங்குகிறது. பாலை இங்கு வெல்லப்படுவதற்கென்றே இருக்கும் தடை. அற்புதம் வழியைத் திறக்கும் இடத்தில் வழிகாட்டியின் அறிவுக்கு வேலை குறைந்துவிடுகின்றது. மலைபடுகடாம் கூத்தனுக்குக் கொடுத்த இடத்தைச் சீறாப்புராணம் எவர்க்கும் கொடுக்கவில்லை.

எனினும் இப்படலங்களை மற்றொரு வகையிலும் வாசிக்கலாம். பெருகும் ஆறு, மலைப்பாம்பு, புலி, வழிப்பறிக் கள்வர் ஆகிய இடர்கள் அரபு மணற்பாலையினும் தென்தமிழ்நாட்டுத் தரைவழிக்கே மிகவும் பொருந்துவன. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் சரக்கோடு உள்நாடு சென்ற மரைக்காயர்களும் அவர்தம் பொதிமாட்டுக்காரர்களும் எதிர்கொண்ட அச்சங்கள் இப்படலங்களிற் புகுந்துள்ளன எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், தாம் காணாத பாலையை எழுதிய புலவர் தம் காலத்து வணிகப் பாதைகளைத் தம்மையறியாமலே பதிவுசெய்துள்ளார் எனலாம். நமது ஆய்வாளர் இத்திசையில் மேலும் செல்லுதல் வேண்டும்.

ஹிஜ்றத்துக் காண்டத்தில் வரும் மக்கா–மதீனாப் பயணத்தை நோக்கும்போது வழிகாட்டி பற்றிய வினா மேலும் முக்கியமாகின்றது. யாத்திரைப் படலமும் விடமீட்ட படலமும் சுறாக்கத்துத் தொடர்ந்த படலமும் அப்பயணத்தைப் பொருளாகக் கொண்டவை. பழைய அரபு வரலாற்று நூல்கள் தரும் செய்தியின்படி, தௌர் மலைக் குகையில் மூன்று இரவுகள் தங்கிய நபிகளாரையும் அபூபக்கரையும் அதிகம் புழங்காத பாதையால் மதீனாவுக்கு அழைத்துச் சென்றவர் அப்துல்லாஹ் இப்னு உறைக்கித் என்பவர். அவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி. அந்நேரத்தில் இஸ்லாத்தை ஏற்றிராதவர். ஆடு மேய்த்த ஆமிர் இப்னு புஹைறா தம் மந்தையை ஓட்டி அடிச்சுவடுகளை அழித்தார். இஸ்லாமிய நாட்காட்டியின் தொடக்கமாகக் கொள்ளப்படும் பயணத்தில், வழியறிவு வேற்றுச் சமயத்தார் ஒருவரிடமிருந்தும், காவல் மேய்ப்பர் ஒருவரின் உழைப்பிலிருந்தும் கிடைத்தது. மேடைகளில் ஹிஜ்ராவைப் பற்றிப் பேசுவோர் இவ்விருவருக்கும் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு.

4

வேற்றுச் சமயத்தார் வழிகாட்டிய மற்றொரு பயணத்துக்கு நமது நாட்டிலேயே பெயர்பெற்ற சான்று உண்டு. மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளக் கரையை அடைந்தார். அங்கு அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது பொருளையன்று. பாவா ஆதம் மலைக்குச் செல்வதற்கான உதவியை. சிங்களவர் ஸ்ரீபாத என்றும் தமிழர் சிவனொளிபாதமலை என்றும் வழங்கும் அதே மலைதான் அது.

மன்னன் அவரோடு அனுப்பியவர்களைப் பயணி எண்ணிக்கையோடு குறித்துள்ளார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னனின் ஆட்கள் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர். பல்லக்குச் சுமந்த அடிமைகள் இக்கணக்கில் வரவில்லை. முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரை, தமிழ் மன்னன் ஒருவன், இந்துத் துறவிகளின் வழித்துணையோடு, பௌத்தர் பெருமளவில் வாழும் நாட்டினூடாக அனுப்பிவைத்தான். மலைக்கு ஏறும் இரு பாதைகளையும் அவை பாவா, மாமா என்னும் பெயர்களால் வழங்கியதையும், செங்குத்தான பாறையில் ஏறுவோர் பிடித்துக்கொள்ளப் பத்து இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் அவர் விவரிக்கிறார்.

இப்னு பதூதாவின் நூல் தன்னை முன்னிறுத்தும் நூலே. பல்லக்குச் சுமந்தோரைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் தம்மை மலையுச்சிக்குக் கொண்டுசென்றவர் யாவர் என்பதை எண்ணிக்கையிட்டு எழுதிய நேர்மை அவரிடம் இருந்தது. அந்த ஒரு கணக்கு, இடைக்கால இலங்கையின் சமய உறவுகளைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினாலும் பெறமுடியாத விளக்கத்தைத் தருகின்றது. இன்றைய பயண எழுத்தாளர் பலரிடம் இக்கணக்கைத்தானும் காணமுடியவில்லை.

5

இதுவரை நோக்கியவை விரும்பிச் சென்றோரின் பயணங்கள். விரும்பாது நடந்தோரின் பயணம் ஒன்றும் இந்நாட்டு வரலாற்றில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்மையாலும் பசியாலும் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பெருந்தொகையினர் வழியிலேயே மடிந்தனர். பொருள்தேடிப் பிரிதல், நீரற்ற சுரம், வழியிடை மரணம் ஆகிய பாலைத்திணையின் கூறுகள் அனைத்தும் அங்கே இலக்கிய மரபாக அன்றி நடைமுறை உண்மையாக இருந்தன. அப்பாதையில் நடுகற்கள் நடப்படவில்லை. அதற்கென ஒரு மலைபடுகடாம் பாடப்படவுமில்லை.

அந்நடையின் முடிவில் அவர்கள் அடைந்த மலைநாடும் இவ்வாறே இருவகையாக எழுதப்பட்டது. வெள்ளையர் காலத்துப் பயணநூல்கள் தொட்டு இன்றைய சுற்றுலாப் பிரசுரங்கள் வரை மலைநாடு என்பது பனிமூட்டம், அருவி, பச்சைக் கம்பளம் ஆகியவற்றின் தொகுதி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரிடையே திரட்டிய நாட்டார் பாடல்களிலே மலை என்பது ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் இடம். முன்னையதில் மலையைப் பார்ப்போர் பேசுகின்றனர். பின்னையதில் மலையைச் சுமப்போர் பேசுகின்றனர். மலைபடுகடாத்தின் உண்மையான வாரிசைத் தேடுவோர் இப்பாடல்களிடமே செல்லல் வேண்டும்.

6

இலக்கியத்தில் யார் பேசுகிறார் என்பது வெறும் இலக்கியப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. மலைகளிலுள்ள பழைமைச் சின்னங்கள் பற்றிய இன்றைய தகராறுகள் இதனைத் தெளிவாக்குகின்றன.

இரத்தினபுரி மாவட்டத்திற் பலாங்கொடையை அடுத்துள்ள கூரகலை, குகைகளும் செங்குத்தான பாறைகளும் கொண்ட குன்று. வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் வாழ்ந்த தடயங்களும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமிக் குகைக் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. பக்தாத்தில் 1166இல் மறைந்த முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்தபோது அங்குத் தியானத்தில் இருந்தார்கள் என்ற நம்பிக்கையினால், தப்தர் ஜெய்லானி என்னும் பெயரில் அது முஸ்லிம்களின் யாத்திரைத் தலமாகவும் விளங்கிவந்துள்ளது. கல்முனை, நிந்தவூர்ப் பகுதிகளிலிருந்தும் கந்தூரிக் காலத்தில் அங்குச் சென்று வந்தோர் உண்டு. 1971இல் அது தொல்பொருட் பாதுகாப்புக்கு உட்படுத்தப்பட்டது. பலாங்கொடையைச் சேர்ந்த அரசியலாளர் எம். எல். எம். அபூசாலி அதன் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2002இல் வெளிவந்தது. 2013இல் அங்கிருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழா அங்கு நடைபெற்றது.

இத்தலம் பற்றி மூன்று மொழிகளிலும் வந்துள்ள எழுத்தில் ஒரு பொது முறையைக் காணலாம். ஒவ்வொரு தரப்பும் குன்றின் ஒரு காலத்தைத் தெரிந்தெடுத்து, அதனையே முழு வரலாறாக்குகின்றது. பிராமிக் கல்வெட்டைக் காட்டி ஏனையோரை அந்நியராக்குவோர் ஒருபுறம். ஐதீகத்தை ஆவணமாகக் கொண்டு அதற்கு முந்திய காலத்தைப் பேசாது விடுவோர் மறுபுறம். சியாரங்களை ஏற்காத சீர்திருத்தவாதிகளோ தம் மூதாதையரின் யாத்திரை வழக்கத்தையே எழுதத்தகாத செய்தியாக்கினர். பல தலைமுறைகளாக அக்குன்றில் ஏறியோர் எவ்வழியாற் சென்றனர், எவர் வீட்டிற் தங்கினர், சிங்களக் கிராமத்தவரோடு அவர்களுக்கிருந்த கொடுக்கல் வாங்கல் எத்தகையது என்பன பற்றி விரிவாக எழுதியோர் இலர். உரிமை பற்றிய வாதத்திற்கு அச்செய்திகள் பயன்படா என்று எல்லாத் தரப்பினரும் கருதினர் போலும். உண்மையில் அத்தகராறை வேறு திசையிற் செலுத்தக்கூடியவை அச்செய்திகளே.

கிழக்கிலும் இதே நிலைமையே. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையை முகாமைசெய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் அம்மாகாணத்திற்கான அவ்வணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. வழி தெரிந்தவரை விலக்கிவிட்டு மலையை எழுதும் போக்கு அரசாங்க ஆவணத்தின் வடிவம் பெற்றதற்கு இதனை உதாரணமாகக் கூறலாம். இதற்கு எதிர்வினையாற்றிய நம்மவருட் பலர், தொல்பொருள் என்றாலே காணி பறிப்பு என்று கொண்டு, கல்வெட்டுகளைப் படிக்கும் பணியையே கைவிட்டனர். இது பெரும் இழப்பு. அம்பாறை மாவட்டத்துக் குடுவில் குகைக் கல்வெட்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. தீகவாபி வணிகரைக் குறிப்பிடும் அக்கல்வெட்டில் தமிழரைச் சுட்டும் தமெட என்னும் சொல்லும் இடம்பெறுகின்றது. பௌத்த சங்கத்துக்குக் குகை வழங்கிய வணிகச் சூழலில் தமிழரும் இருந்தனர் என்பதை அந்தச் சொல் காட்டுகின்றது. ஓர் இனத்துக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியதென அக்குன்றை எழுத முற்படும் எவர்க்கும் அக்கல்வெட்டு இடையூறாகவே இருக்கும். படிக்க மறுப்பதனால் அச்சான்றை நாமே மறைத்துவிடுகின்றோம்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். தமிழில் மலையும் பாலையும் எழுதப்பட்ட முறையில் இரு போக்குகள் உள்ளன. ஒன்று நிலத்தைக் கடப்போரின் வெற்றியாக அதனை எழுதுவது. மற்றையது வழியறிந்தோரின் அறிவாக அதனை எழுதுவது. சீறாப்புராணத்தின் பாலைப் படலங்களும் இன்றைய சுற்றுலா எழுத்தும், தம்முள் எத்துணை வேறுபட்டாலும், முதலாவது போக்கின்பாற் படுவன. மலைபடுகடாமும் தோட்டத் தொழிலாளர் பாடல்களும் இரண்டாவதன்பாற் படுவன. முதலாவது போக்கிலுள்ள அனைத்தும் பயனற்றவை என்பது எனது கருத்தன்று. உமறுப்புலவரின் கவித்துவத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் வழிகாட்டி மறையும் எழுத்து, நிலத்தின்மீது ஒற்றை உரிமை கோரும் எழுத்தாக மாறுவதற்கு அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை என்பதை அண்மைக்கால வரலாறு காட்டியுள்ளது.

முற்போக்கு இலக்கியக்காரர் உழைப்போரின் வாழ்வைச் சிறுகதையிலும் நாவலிலும் எழுதினர். நிலம் பற்றிய எழுத்தையோ அவர்கள் தொல்பொருளாளருக்கும் சுற்றுலாத் துறையினருக்கும் விட்டுக்கொடுத்தனர். அதனை மீட்டெடுப்பதற்கு அரிய வசதிகள் எவையும் தேவையில்லை. நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் இறக்காமத்திலும் மேற்குக் காடுகளுக்குத் தேனெடுக்கச் சென்ற முதியோரும், மாட்டுப்பட்டி வைத்திருந்தோரும், பாவா ஆதம் மலைக்கும் ஜெய்லானிக்கும் சென்றுவந்த மூதாட்டியரும் இன்னும் உள்ளனர். அவர்கள் அறிந்த பாதைகள், நீர்நிலைகள், பாறைகளின் பெயர்கள், தங்கிய வீடுகள் ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறே அப்பாதைகளின் மறுமுனையில் அவர்களுக்கு நீரும் நிழலும் தந்த சிங்களக் கிராமத்தவரின் நினைவுகளும் சேர்க்கப்படல் வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஏனைய பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களுக்கும் இது இயலாத பணியன்று. சொல்லக்கூடியோர் முதுமையடைந்துள்ளமையால் இப்பணியைப் பிற்போடுதல் தகாது.